நம் இலச்சினையை நாமே வரைவோம்

நுவரெலியா தொடக்கம் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை வரையிலான மலையகப் பிரதேசமெங்கும், தோட்டத்துச் சம்பளத்தை மாத்திரம் நம்பியிராமல் தம் கைத்தொழிலால் சிறு வருவாயேனும் தேட முனைந்த குடும்பங்களும், மகளிர் குழுக்களும், இளைஞர் கழகங்களும், வாசிகசாலைகளும், முன்பள்ளிகளும் பெருகி வருகின்றமை மகிழ்ச்சிக்குரிய விஷயம். இவற்றுள் எதுவாயினும் ஏதோ ஒரு நாளில் தனக்கென ஓர் இலச்சினை வேண்டும் என்ற கட்டத்துக்கு வந்து சேர்கிறது. ஊறுகாய்ப் போத்தலில் ஒட்டுவதற்கோ, காளான் பொதியில் அச்சிடுவதற்கோ, சங்கத்தின் றப்பர் முத்திரைக்கோ, விளையாட்டுப் போட்டியின் பதாகைக்கோ அது அவசியமாகிறது. அந்தக் கட்டத்தில் நம்மவரிடம் ஒரு தயக்கம் தோன்றுவதைப் பல இடங்களிலும் காண்கிறோம். சித்திரக் கலை பயின்றவரே செய்யக்கூடிய காரியம் இது, அதற்குப் பணம் வேண்டும், நம்மிடம் இரண்டும் இல்லை என்று தீர்மானித்து, அச்சகத்துக் கணினியில் ஆயத்தமாய்க் கிடக்கும் படங்களுள் ஒன்றை, பெரும்பாலும் கூடை சுமந்து குனிந்து நிற்கும் ஒரு பெண்ணின் உருவத்தையோ, இரண்டு இலையும் ஒரு மொட்டுமான கொழுந்தையோ, எடுத்து ஒட்டிக்கொண்டு திருப்தியடைந்து விடுகிறார்கள். இந்தத் தயக்கத்துக்கு நியாயம் இல்லை என்பதும், எளிய இலச்சினை ஒன்றைச் சிரத்தையுள்ள எவரும் வரைய முடியும் என்பதும், அதைத் தாமே வரைந்துகொள்வதற்கு மலையக மக்களுக்கு மற்றெவரினும் விசேஷமான காரணம் உண்டு என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் இலச்சினையின் பிரயோசனம் யாது என்பதைத் தெளிந்துகொள்வது நலம். ஒரு பொருளையோ ஸ்தாபனத்தையோ வர்ணிப்பது அதன் வேலையன்று. இரண்டாம் முறை காணும்போது, முன்னர் கண்டது இதுவே என்று ஐயமின்றி அறியச் செய்வதே அதன் வேலை. இங்கிலாந்தில் வர்த்தகக் குறிகளைப் பதிவு செய்யும் சட்டம் நடைமுறைக்கு வந்த 1876-ம் ஆண்டின் முதல் நாளில் முதலாவதாகப் பதிவான குறி, பாஸ் என்னும் மதுவடிசாலையின் சிவப்பு முக்கோணம். அந்த முக்கோணத்தில் மதுவின் சாயலோ, பார்லித் தானியத்தின் சாயலோ எள்ளளவும் இல்லை. ஒரு பள்ளிச் சிறுவன் அடிமட்டம் வைத்து வரையக்கூடியது. ஆயினும் ஒன்றரை நூற்றாண்டு நின்று நிலைத்தது. 1886-ல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் கொக்கா கோலாவுக்குப் பெயர் சூட்டி, இன்று உலகின் எந்த மூலையிலும் அடையாளம் தெரிகின்ற அந்தச் சாய்வெழுத்தை எழுதிக் கொடுத்த ஃபிராங்க் ராபின்சன் சித்திரக்காரர் அல்லர். அந்தக் கம்பெனியின் கணக்கெழுதுபவர். அக்காலத்துக் கணக்கெழுதுவோர் எல்லோரும் பழகியிருந்த அழகிய கையெழுத்தே அவருடைய மூலதனம். ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளாலான மீள்சுழற்சிக் குறியை 1970-ல் வரைந்தவர், கட்டடக்கலை பயின்றுகொண்டிருந்த காரி ஆண்டர்சன் என்னும் இருபத்து மூன்று வயது மாணவர். எதை விடுவது என்று அறிந்த மனமும், எடுத்துக்கொண்ட ஒன்றைத் திருத்தமாகச் செய்யும் பொறுமையுமே இவர்கள் அனைவருக்கும் பொதுவாய் இருந்த தகுதி.

இதற்கு உதாரணம் தேடி அட்லாண்டா வரை போகவேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. நம் தோட்டங்களின் ஸ்டோருகளாகிய தேயிலைத் தொழிற்சாலைகளிலேயே அதற்குரிய கல்வி நெடுங்காலம் நடந்துவந்திருக்கிறது. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1883 ஜூலை 30-ம் நாள் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றதும் நாம் அறிந்த சரித்திரம். ஏலத்துக்குச் செல்லும் தேயிலை இன்ன தோட்டத்தது என்று தெரியவேண்டுமாகையால், ஒவ்வொரு பெட்டியின் மேலும் தோட்டத்தின் பெயர், தூளின் தரம், வரிசை எண், மொத்த நிறை, பெட்டியின் நிறை, தேயிலையின் நிறை ஆகியவற்றைப் பொறித்து அனுப்பினார்கள். மெல்லிய தகட்டில் எழுத்தை வெட்டியெடுத்து, அத்தகட்டைப் பெட்டியின் பலகைமேல் அழுத்திப் பிடித்து, கறுப்பு மையில் தோய்த்த தூரிகையைச் செங்குத்தாகக் குத்திக் குத்தி எடுத்தால், தகட்டை நீக்கியதும் எழுத்து பளிச்சென்று நிற்கும். இந்த வேலையைச் செய்தவர்கள் ஸ்டோர்த் தொழிலாளர்கள். மூடிய வளைவுள்ள எழுத்தை முழுமையாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். ஆகவே அங்கங்கே ஒரு சிறு இணைப்பை விட்டு வெட்டவேண்டும். நுண்ணிய கோடு மையில் அடைபட்டுப் போகும். ஆகவே கோடுகள் தடிப்பாக இருக்கவேண்டும். ஈரத்திலும் இருட்டிலும் கப்பலின் வயிற்றிலும் கிடந்து வரும் பெட்டி எட்ட நின்று பார்ப்பவனுக்கும் தெரியவேண்டும். ஆகவே தேவையற்ற ஓர் அலங்காரத்துக்கும் இடமில்லை. தடித்த கோடு, ஒரே நிறம், விசாலமான இடைவெளி, குறைந்த சொல் என்று இன்றைய சித்திரக் கல்லூரிகள் போதிக்கும் லட்சணங்கள் அனைத்தையும் அந்தத் தகடும் தூரிகையும் நம் தொழிலாளர்களுக்குத் தாமாகவே கற்றுக்கொடுத்திருந்தன.

அரசியலும் இதே பாடத்தைப் புகட்டியது. 1931-ல் சர்வசன வாக்குரிமை இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது, எழுத்தறியாத வாக்காளரும் தம் விருப்பத்தைத் தெரிவிக்கும் பொருட்டு வேட்பாளர்களுக்கு வெவ்வேறு நிறங்கள் வகுக்கப்பட்டன; 1936-ல் தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் ஹட்டன் தொகுதியில் வெற்றி பெற்றபோது வாக்களித்தவர்களும் நிறத்தைப் பார்த்தே வாக்களித்தார்கள். பின்னர் நிறங்களுக்குப் பதிலாகச் சின்னங்கள் வந்தன. 1948-ன் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த சட்டங்களாலும் வாக்கிழந்த மலையகச் சமூகம், அவ்வுரிமையை ஓரளவு மீளப் பெற்று, 1977-ல் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியின் மூன்று உறுப்பினருள் ஒருவராகச் சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தது. அவர் தலைமை தாங்கிய இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சேவலை அறியாத குழந்தை இன்று மலையகத்தில் இல்லை. சேவல் அத்தகைய சின்னமாய் நிலைத்ததற்கு அதன் கொண்டையும் வாலுமே காரணம் என்பேன். எத்துணை விகாரமாக வரைந்தாலும் அவ்விரண்டும் இருந்தால் அது சேவல்தான். தமிழ்நாட்டில் 1973-ல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் முதன்முதல் களமிறங்கிய கட்சிச் சின்னமான இரட்டை இலையும் அத்தகையதே. சுண்ணாம்பும் மட்டையும் கிடைத்தால் கட்சியின் எந்தத் தொண்டனும் எந்தச் சுவரிலும் வரைந்துவிடக்கூடிய உருவம். ஆயிரம் கைகள் வரைந்தாலும் மாறாமல் நிற்கும் வடிவமே மக்களின் சின்னமாகும் என்பதை இவை இரண்டும் பிரத்தியட்சமாய்க் காட்டுகின்றன.

இனி, நம் இலச்சினையை நாமே வரையவேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணத்தைச் சொல்கிறேன். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்கு ஆள்சேர்த்து அனுப்பியபோது, தகர டிக்கெட் முறை என்ற ஓர் ஏற்பாட்டைத் தோட்டத்துரைமாரும் அரசாங்கமும் கைக்கொண்டிருந்தார்கள். மேலே துளையிட்ட ஒரு சிறு தகரத் தகட்டில், ஆள் செல்லவேண்டிய பகுதியைக் குறிக்கும் ஓர் எழுத்தும், தோட்டத்தைக் குறிக்கும் ஓர் எண்ணும், அந்த ஆளைக் குறிக்கும் வேறோர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். கடல் கடந்து வந்த மனிதன் எங்கே கொண்டுபோய் விடப்படவேண்டும் என்பதை, அவனுடைய பெயரையோ ஊரையோ கேளாமலே அந்தத் தகடு சொல்லிற்று. நம் முன்னோர் தம் உடலில் சுமந்துவந்த முதலாவது இலச்சினை அது. அதை வடிவமைத்தவர்கள் அவர்கள் அல்லர்.

இரண்டாவது, நம் பெண்களின் உருவம். 1890-ல் இலங்கைக்கு வந்து தம்பதென்னை முதலிய தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்ற விளம்பரத்தோடு கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் சித்திரத்தையும் உலகெங்கும் பரப்பினார். 1935-ல் வெளிவந்த இலங்கை அஞ்சல் தலை வரிசையிலும் தேயிலை கொய்யும் காட்சி இடம்பெற்றது. அன்று முதல் இன்று வரை பொதிகளிலும் பதாகைகளிலும் சுற்றுலாப் பிரசுரங்களிலும் அந்தப் பெண் ஓயாமல் கொழுந்து பறித்துக்கொண்டே இருக்கிறாள். அவளுடைய முகம் விற்பனைக்கு உதவியது, ஆனால் அந்த முகத்தை எப்படி வரையவேண்டும் என்று அவளை எவரும் கேட்டதில்லை. இந்தச் சரித்திரத்தை உடைய ஒரு சமூகத்தின் மகளிர் குழு, தான் சொந்தமாகச் செய்த பொருளின் மேல் ஒட்டுவதற்கும் பிறர் வரைந்த அதே படத்தை இரவல் வாங்குவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வேதனை உண்டாகிறது. தேயிலையையும் கொழுந்தையும் வெறுக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. ஆராய்ந்து, தெரிந்து, தம் கையால் வரைந்து அதையே வைத்துக்கொள்வார்களாயின் அது அவர்களுடையது. ஆயினும் பெருந்தோட்டக் கம்பெனிகள் முதல் தெருவோரத் தேநீர்க்கடை வரை எல்லோரும் இலையையே வைத்திருக்கும் நாட்டில், இன்னுமோர் இலை எவர் மனத்திலும் பதியப்போவதில்லை என்ற சாதாரண வியாபார உண்மையையும் அவர்கள் யோசிக்கவேண்டும்.

அப்படியானால் எதை வரைவது? சங்கத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு மாலையில் கூடியமர்ந்து, தம்மை மற்றவரிலிருந்து பிரித்துக் காட்டும் ஒரே ஒரு பொருளைத் தெரிவு செய்வதுதான் முதற்படி. இதில் செலவிடும் நேரம் வீணாகாது. நம் வாழ்வில் அத்தகைய பொருள்களுக்குப் பஞ்சமில்லை. கவ்வாத்துக் கத்தியின் வளைந்த அலகு ஒரே வீச்சில் வரையக்கூடிய வடிவம். தேயிலைச் செடியின் மேற்பரப்பைச் சமமாக வைத்துக்கொள்வதற்காக அதன்மேல் கிடத்தும் மட்டக்கம்பு ஒரு நேர்கோடு. அதன் கீழ் ஒரு வளைகோட்டைப் போட்டால் செடியும் கம்பும் ஆகிவிடும். தப்பு மேளம் ஒரு வட்டமும் இரு குச்சிகளும். மஸ்கெலியாவில் உள்ளவர்களுக்குச் சிவனொளிபாதமலையின் கூரிய சிகரம் கண்ணெதிரே நிற்கிறது. தலவாக்கலையில் உள்ளவர்களுக்குப் பிரதான வீதியிலிருந்தே தெரியும் டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகள் இருக்கின்றன. மூன்று செங்குத்துக் கோடுகளில் ஒரு நீர்வீழ்ச்சியைக் காட்டிவிடலாம். ஒன்றைத் தெரிந்துகொண்டபின் மற்றவற்றை விட்டுவிடும் மனவுறுதி வேண்டும். மலையும், சூரியனும், கொழுந்தும், புத்தகமும், கைகுலுக்கும் இரு கரங்களும் ஒரே வட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும் சங்க முத்திரைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். குழுவில் ஐந்து பேர் ஐந்து யோசனை சொன்னார்கள், ஒருவர் மனமும் நோகாதிருக்க ஐந்தையும் சேர்த்தார்கள் என்பதே அவற்றின் வரலாறு. அந்தத் தாட்சண்யம் இலச்சினைக்குப் பரம சத்துரு.

வரைவதற்கு வேண்டிய கருவிகள் சதுரக் கோடிட்ட கணக்குக் கொப்பி ஒன்றும், பென்சிலும், அழிறப்பரும், வட்டம் போட ஒரு நாணயமும் மாத்திரமே. சதுரக் கோடுகள் இருப்பதால் இடப்பாதியும் வலப்பாதியும் சமமாக அமையும். தைப்பொங்கலுக்கு லயத்து வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் நம் பெண்களுக்கு, புள்ளிகளை எண்ணி இருபுறமும் ஒத்த உருவை அமைக்கும் வித்தையை எவரும் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. ஒரே உருவத்தைப் பத்துப் பதினைந்து விதமாக வரைந்து பார்த்து, ஒவ்வொன்றிலும் எந்தக் கோட்டை நீக்கினாலும் உருவம் அழியாதோ அந்தக் கோட்டை நீக்கிவிடவேண்டும். நீக்கினால் உருவமே கெட்டுவிடும் என்ற நிலையில் எஞ்சி நிற்கும் கோடுகளே இலச்சினை. வர்ணத்தைப் பற்றி அதுவரை நினைக்கவே கூடாது. கறுப்பு மையில் நன்றாக அமைந்த உருவம் எந்த நிறத்திலும் நன்றாக இருக்கும். நிறத்தின் தயவால் அழகாய்த் தோன்றும் உருவம், சங்கக் கடிதத்தைப் போட்டோப் பிரதி எடுத்த மாத்திரத்தில் சாம்பல் நிறக் கறையாகிவிடும்.

பெயரை எழுதுவதில் தமிழருக்கென ஒரு பிரத்தியேகச் சிரமம் உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். க, ண, ன போன்ற நம் எழுத்துக்கள் உள்ளே மூடிய சிறு வளைவுகளை உடையவை; ட, ப, ய போன்றவை திறந்தவை. இலச்சினையைச் சிறிதாக்கும்போதும், றப்பர் முத்திரையில் வார்க்கும்போதும், மூடிய வளைவுகளுக்குள் மை புகுந்து அடைத்துக்கொள்ளும். அதைக் காட்டிலும் பெரிய ஆபத்து மெய்யெழுத்தின் புள்ளிக்கு நேரும். அச்சில் முதலில் மறைவது அதுவே, அது மறைந்தால் சொல்லே மாறிவிடும். ஆகையால் மெல்லிய அலங்கார எழுத்துக்களை ஒதுக்கி, கோடு முழுதும் ஒரே தடிப்பாகவும், வளைவுகள் நன்கு அகன்றும், புள்ளி கொழுத்தும் இருக்கும் எழுத்தைக் கொள்வது உத்தமம். நம் நாட்டில் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதவேண்டிய சந்தர்ப்பங்கள் மிகுதி. மூன்று லிபிகளையும் ஒரு வட்டத்தின் விளிம்பில் சுற்றி எழுத முற்பட்டால் ஒன்றையும் வாசிக்க முடியாது. உருவம் எழுத்தின்றித் தனித்து நிற்கட்டும். பெயர் எம்மொழியில் வேண்டுமோ அம்மொழியில் அதன் கீழே நேர்வரியில் வரட்டும். அப்போது ஒரே உருவம் மூன்று மொழியினருக்கும் பொதுவாகும்.

வரைந்து முடித்ததை அங்கீகரிக்குமுன் சில பரீட்சைகள் உண்டு. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குச் சிறிதாக்கிப் போட்டோப் பிரதி எடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு தாளில் பெரிதாக வரைந்து வீதிக்கு எதிர்ப்புறத்தில் ஒட்டி, இங்கிருந்து தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். எல்லாவற்றிலும் மேலான பரீட்சை, இதை முன்பு பார்த்திராத ஒரு பிள்ளையிடம் ஒருமுறை காட்டி, மறைத்துவிட்டு, நினைவிலிருந்து வரையச் சொல்வது. பிள்ளை வரைந்ததில் உருவத்தின் உயிரான அம்சம் இருந்தால் இலச்சினை தேறிவிட்டது என்று கொள்ளலாம். பிள்ளை விட்டுவிட்ட அம்சம் எதுவோ, அது பெரும்பாலும் நாமும் விட்டிருக்கவேண்டிய அம்சமாகவே இருக்கும்.

இவ்வாறெல்லாம் சொல்வதால் சித்திரக் கலைஞர்களின் தொழிலை நான் இலேசாக மதிப்பதாக எவரும் எண்ணலாகாது. பெரிய ஸ்தாபனங்களுக்கும், பலவகைப் பொதிகளும் விளம்பரங்களும் ஒரே தோற்றத்தில் அமையவேண்டிய கருமங்களுக்கும் பயிற்சி பெற்றவரின் கை அத்தியாவசியம். கையில் பணமுள்ளவர்கள் மலையகத்து இளம் ஓவியர்களைத் தேடிப் பிடித்து, உரிய ஊதியம் கொடுத்து வரைவிப்பது அவர்களுடைய கடமையும் ஆகும். ஆனால் பணம் சேரும்வரை இலச்சினையின்றி இருப்பதும், இரவல் படத்தை ஒட்டிக்கொள்வதும் ஆகிய இரண்டு வழிகளே உண்டு என்று நினைப்பது பிழை. தாமே ஆலோசித்து வரைந்த ஓர் எளிய உருவத்தோடு பின்னொரு நாள் கலைஞரிடம் செல்கிறவர், தமக்கு வேண்டியது என்ன என்பதை அறிந்தவராகவே செல்கிறார். அப்போது அந்தக் கலைஞரின் வேலையும் சிறக்கும்.

இரவல் படத்துக்குச் சட்டத்தின் ஆபத்தும் உண்டு. பிறர் ஒருவருடைய படத்தையோ குறியையோ எடுத்தாள்பவர், வியாபாரம் வளரும் நாளில் வழக்குக்கு முகங்கொடுக்க நேரலாம். தேசியக் கொடியையும் அரச சின்னத்தையும் வியாபாரக் குறியில் சேர்க்க எண்ணுவதும் வீண். அத்தகையதைப் பதிய மாட்டார்கள். தேயிலை பொதியிடுகிறவர்கள் தேயிலைச் சபையின் சிங்க முத்திரையைத் தாமாகவே பதித்துக்கொள்ளவும் கூடாது. முற்றிலும் இலங்கையிலேயே விளைந்து, இலங்கையிலேயே பொதியிடப்பட்டு, சபை விதித்த தரத்தை எய்திய தேயிலைக்கு மட்டும் அனுமதியின் பேரில் உரியது அந்தச் சிங்கம். மாறாக, சொந்தமாக வரைந்த குறியை 2003-ம் ஆண்டின் 36-ம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டால், அது 10 ஆண்டுகளுக்கு நம்முடையதாகும். காலம் முடியும்போது புதுப்பித்துக்கொண்டே போகலாம். நிலமும் வீடும் உரித்தில்லாமல் பரம்பரை பரம்பரையாக லயங்களில் வாழ்ந்த மக்களுக்கு, தம் பெயரில் பதிவான ஒரு சொத்து, அது ஒரு சிறு சித்திரமேயாயினும், அற்பமானதன்று.

ஆகவே மலையகத்துப் பாடசாலைகளின் சித்திர ஆசிரியர்களுக்கும், வாசிகசாலைகளை நடத்துபவர்களுக்கும், மகளிர் குழுக்களுக்கு வழிகாட்டும் நிறுவனங்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இது. ஒரு விடுமுறை நாளைத் தெரிந்தெடுத்து, தோட்டத்தில் உள்ள குழுக்களையும் கழகங்களையும் ஒருங்கே அழைத்து, கொப்பியும் பென்சிலும் கொடுத்து, அவரவர் இலச்சினையை அவரவரே வரையச் செய்யுங்கள். ஆசிரியர் அருகிருந்து கோட்டைத் திருத்தலாம், கருத்தை மாற்றவேண்டாம். வரைந்து முடிவானதை அடிக்கடி மாற்றாமல், நல்ல பொருளின் மேல் மட்டுமே பதித்து, ஆண்டுக்கணக்கில் காப்பாற்றிவரவேண்டும் என்பதையும் அவர்களுக்கு அறிவுறுத்துங்கள். ஏனெனில் முக்கோணத்துக்கோ சேவலுக்கோ தனியே ஒரு மகிமையும் இல்லை; அதைப் பதித்தவர்களின் நாணயமும் தொடர்ச்சியுமே அதற்கு மகிமையைக் கொடுக்கின்றன. அந்த நாணயமும் உழைப்பும் நம் மக்களிடம் ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் மேல் பதிப்பதற்கு அவர்களே வரைந்த ஓர் அடையாளமும் இருக்கட்டும்.